மின்தடைக் கணக்கைப் பார்த்து பேட்டரி வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை பிறந்தால் நாளிதழ்களில் இன்வெர்ட்டர், பேட்டரி விளம்பரங்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். சில ஆண்டுகளாக லித்தியம் பேட்டரியும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது இரண்டே கேள்விதான்: விலை என்ன, எத்தனை வருட வாரண்டி? இந்த இரண்டின் விடையை மட்டும் வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு பாதி நேரம் தவறாகப் போகிறது. பேட்டரித் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் பார்ப்பது இது. வாங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் தெருவில் மின்சாரம் எப்படிப் போகிறது என்பதை. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. பேட்டரி தினமும் அடிவரை இறங்கும், பாதி ஏறுவதற்குள் மறுபடி மின்சாரம் போய்விடும். 'எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக வாங்கிப் போடு' என்ற யோசனை அப்போது பிறந்தது. அன்று அது சரி. இன்று பெரும்பாலான ஊர்களில் நிலைமை வேறு. மாதம் ஒருமுறை துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் வரை நிறுத்தம், மழைக் காற்றில் சில மணி நேரம், நடுவில் ஐந்து, பத்து நிமிடத் தடைகள், அவ்வளவுதான். உங்கள் நாளிதழில் வரும் 'நாளை மின்தடை' அறிவிப்பில் உங்கள் பகுதியின் பெயர் ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். வீட்டில் ஒரு நாட்காட்டியில் இரண்டு மாதத்துக்குத் தடை நேரத்தைக் குறித்து வையுங்கள். பேட்டரி வாங்க இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

ஏனென்றால் பேட்டரி இரண்டு விதமாகத் தேய்கிறது. இறக்கி ஏற்ற, இறக்கி ஏற்றத் தேய்வது ஒன்று. பயன்படுத்தாமல் முழு சார்ஜில் நிற்கும்போதே வெப்பத்தாலும் நாள் பட்டும் தேய்வது இன்னொன்று. 3,000 சுழற்சி, 4,000 சுழற்சி (ஒருமுறை இறக்கி ஏற்றுவது ஒரு சுழற்சி) என்று லித்தியம் விளம்பரத்தில் வரும் எண் முதல் வகைத் தேய்மானத்தைப் பற்றியது. பெரும்பாலும் 25 டிகிரி வெப்பநிலையில் சோதித்துச் சொல்வது. ஆண்டுக்கு நாற்பது, ஐம்பது முறை மட்டும் மின்சாரம் போகும் வீட்டில் பத்து வருடத்தில் 500 சுழற்சிகூட வராது. அந்த வீட்டில் பேட்டரியைக் கொல்லப் போவது இரண்டாவது வகைத் தேய்மானம். மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டம் இல்லாத அலமாரியில், மேற்குச் சுவரை ஒட்டி, கோடையில் 40 டிகிரிக்கு மேல் நிற்கும் பேட்டரிக்கு, அது வழக்கமான ஈய-அமில பேட்டரியானாலும் லித்தியமானாலும், ஆயுள் குறையும். ஈய பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. விலை கொடுத்து வாங்கும் சுழற்சிகளைப் பயன்படுத்தவே போவதில்லை என்றால் அதற்குக் கொடுத்த பணம் வீண்.

அடுத்தது லோடு. பேட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன் லோடைச் சிறிதாக்குங்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. என்ற மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் உள்ள ஃபேன் 28 முதல் 35 வாட். இரண்டு பழைய ஃபேன், இரண்டு 20 வாட் எல்.இ.டி. டியூப், ஒரு இணைய ரவுட்டர் சேர்ந்தால் 200 வாட். 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி, அதாவது குழாய்த் தகடு வைத்த ஈய பேட்டரி, புதிதாக இருக்கும்போது இந்த லோடை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் தாங்கும். இரண்டு ஃபேனையும் பி.எல்.டி.சி.யாக மாற்றினால் லோடு 110 வாட்டாகிறது. அதே பேட்டரி பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். பராமரிப்பு நிறுத்தம் முழுவதும் சமாளிக்க அது போதும். இரண்டாவது பேட்டரிக்கும் அதற்கேற்ற 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கும் கொடுக்கும் பணத்தைவிட இரண்டு ஃபேனின் விலை மிகக் குறைவு. அது மின்சாரம் இருக்கும்போதும் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

ஏ.எச். கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. 150 ஏ.எச். என்று ஒட்டியிருப்பது பெரும்பாலும் சி20 அளவு. அதாவது 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. வேகமாக எடுத்தால் ஈய பேட்டரி அவ்வளவு தராது. 300 வாட் லோடில் மூன்று, மூன்றரை மணி நேரம் தரும் பேட்டரியில் 600 வாட் ஏற்றினால் அதில் பாதி நேரம் கிடைக்காது. ஒன்றேகால் மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கூவத் தொடங்கும். சூரிய மின்தகடுக்கென்று விற்கும் பேட்டரியில் சி10 அளவு, அதாவது 10 மணி நேரத்தில் எடுத்தால் கிடைப்பது, போட்டிருப்பார்கள். சி10-ல் 150 என்றால் அது சி20-ல் 150-ஐவிடப் பெரிய பேட்டரி. விலையை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவில்தானா என்று கேளுங்கள். 900 வி.ஏ. இன்வெர்ட்டர் 900 வாட் தராது என்பதும் அப்படித்தான். எத்தனை வாட் என்று உறையில் தனியாகப் போட்டிருக்கும். பெரும்பாலும் 700-ஐ ஒட்டி இருக்கும்.

இப்போது செலவுக்கு வருவோம். கீழே வருவது கணக்குப் போடும் முறைக்கான எண்கள். உங்கள் ஊர்க் கடைக்காரர் சொல்லும் விலையை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். நல்ல 150 ஏ.எச். உயர டியூபுலர் பேட்டரி ரூ.15,000, ஐந்து வருடத்தில் தண்ணீர், டெர்மினல் பராமரிப்பு ரூ.1,000, பழசைக் கொடுக்கும்போது கிடைப்பது ரூ.3,000. நிகரச் செலவு ரூ.13,000, ஆண்டுக்கு ரூ.2,600. விலை மலிவு என்று ரூ.10,000-க்கு வாங்கிய பேட்டரி இரண்டே வருடத்தில் போய், பழசுக்கு ரூ.2,000 கிடைத்தால் ஆண்டுச் செலவு ரூ.4,000. 100 ஏ.எச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ரூ.28,000 என்று கொள்வோம். அது 12.8 வோல்ட், 1,280 வாட் மணி. 300 வாட் லோடில் இதுவும் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தரும், ஆகவே இரண்டும் சமம். பத்து வருடம் ஓடினால் ஆண்டுக்கு ரூ.2,800. ஆறாவது வருடம் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். பலகை (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பலகை) போய், அதை மாற்றித் தர யாரும் இல்லாவிட்டால் ஆண்டுக்கு ரூ.4,667. எப்போதாவது மின்சாரம் போகும் வீட்டுக்கு லித்தியம் வாங்குவதா வேண்டாமா என்பது, பத்து வருடம் கழித்தும் அதை விற்றவர் பழுதுபார்க்க இருப்பாரா என்ற ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. கடைக்காரரிடம் இதை நேராகவே கேளுங்கள்: பி.எம்.எஸ். தனியாகக் கிடைக்குமா, இந்த மாவட்டத்திலேயே மாற்றுவீர்களா, அல்லது முழு பேட்டரியையும் வெளியூருக்கு அனுப்ப வேண்டுமா? பதில் தெளிவாக வரவில்லை என்றால் டியூபுலரே போதும்.

அதற்காக லித்தியம் எங்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளுக்கு இரண்டு மூன்று முறை மின்சாரம் போகும் தொழிற்பேட்டை ஓரத்துக் கடை, சூரிய மின்தகட்டில் பகலில் ஏற்றி இரவில் இறக்கும் பண்ணை வீடு, மாடியில் இடமே இல்லாத சிறு அலுவலகம் ஆகியவற்றில் அது தன் விலையை ஈட்டிவிடும். முதல் இரண்டிலும் காரணம் சார்ஜ் ஏறும் வேகம். ஈய பேட்டரிக்குத் தன் ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம்தான் பொருத்தம். 150-க்கு 15 ஆம்பியர். முழுதாக ஏற 10 முதல் 12 மணி நேரம் வேண்டும். அதற்குள் மறுபடி மறுபடி இறங்கினால் பேட்டரி என்றுமே நிறையாது. நிறையாத ஈய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும்; இறுகியது திரும்பக் கரையாது. லித்தியம், சார்ஜர் அதற்கேற்ற மின்னோட்டம் கொடுத்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறையும். பாதி சார்ஜில் நின்றாலும் அதற்குக் கேடில்லை. தினமும் பாதிவரை இறங்கும் இடத்தில் நல்ல டியூபுலரே 1,000 முதல் 1,500 சுழற்சியில், அதாவது மூன்று நான்கு வருடத்தில், ஓய்ந்துவிடும். அந்த இடத்தில் 3,000 சுழற்சி என்பது உண்மையிலேயே பணம்.

லித்தியம் வாங்குகிறவர்கள் பழைய இன்வெர்ட்டரையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். இன்வெர்ட்டரில் லித்தியம் என்ற அமைப்பு இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஒன்றைச் சரிபார்த்தே ஆக வேண்டும்: சார்ஜ் மின்னழுத்தம் எப்போதும் 14.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஈய பேட்டரிக்காகச் செய்த சில இன்வெர்ட்டர்கள் அமிலத்தைக் கலக்க அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். அப்போது பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டித்துவிடும், மின்சாரம் போகும் நேரம் பார்த்து வீடு இருண்டுவிடும். இன்னொரு சிக்கல், முழுதாக இறங்கி பி.எம்.எஸ். தூங்கிவிட்டால் பழைய இன்வெர்ட்டர் 'பேட்டரி இல்லை' என்று நினைத்து சார்ஜே செய்யாது. பேட்டரி கெட்டுவிட்டதாக எண்ணித் திருப்பி அனுப்பப்படுவதில் இந்த வகையும் உண்டு. அந்த நிறுவனத்தின் சார்ஜரைச் சிறிது நேரம் நேராகக் கொடுத்தால் எழுந்துவிடும்.

டியூபுலர் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் அதிகம். மலிவு விலையில் சிலர் கார் பேட்டரி வகையையே இன்வெர்ட்டருக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். கார் பேட்டரியின் தகடு மெல்லியது. ஒரு நொடி பெரிய மின்னோட்டம் கொடுத்து எஞ்சினைக் கிளப்பச் செய்தது. ஆழமாக இறக்கினால் தகட்டில் பூசிய பொருள் உதிர்ந்து அடியில் சேரும். டியூபுலரில் அந்தப் பொருள் ஈயக் கம்பியைச் சுற்றி ஒரு துணிக் குழாய்க்குள் அடைபட்டிருப்பதால் உதிராது. வெளியே இருந்து இதைப் பார்க்க முடியாது. ஆனால் எடை ஏமாற்றாது. அமிலம் நிரப்பிய 150 ஏ.எச். உயர டியூபுலர் 50 முதல் 60 கிலோ இருக்கும். நிறுவனத்தின் விவரத்தாளில் உள்ள எடையைக் கேட்டு, தராசில் வைத்துப் பாருங்கள். எடை கணிசமாகக் குறைந்தால் உள்ளே ஈயம் குறைவு என்று பொருள். ஸ்டிக்கரில் என்ன எண் ஒட்டியிருந்தாலும் சரி. ஐ.எஸ். 13369 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். அமிலம் ஊற்றிய பேட்டரி நான்கைந்து மாதம் சார்ஜ் இல்லாமல் கிடங்கில் கிடந்தால் வாங்கும் நாளிலேயே அதன் ஆயுளில் ஒரு பகுதி போயிருக்கும்.

வாரண்டியில் 36+24 என்று போட்டிருப்பதை ஐந்து வருடம் என்று மக்கள் வாசிக்கிறார்கள். முதல் 36 மாதம்தான் இலவச மாற்று. பின்னுள்ள 24 மாதத்தில் கிடைப்பது விலைத் தள்ளுபடி, அதுவும் பெரும்பாலும் அச்சிட்ட அதிகபட்ச விலையின் மேல். அச்சு விலை ரூ.20,000, கடை விலை ரூ.15,000 என்று வையுங்கள். 45 சதவீதத் தள்ளுபடி என்றால் நீங்கள் கட்ட வேண்டியது ரூ.11,000. வாரண்டியே இல்லாமல், பழசை ரூ.3,000-க்குக் கொடுத்துப் புதிது வாங்கினால் ரூ.12,000. அந்த 24 மாத வாரண்டியின் மதிப்பு வெறும் ஆயிரம் ரூபாய்தான். ஆகவே 36+24, 48+12 என்று இரண்டு பேட்டரி ஒரே விலையில் இருந்தால் இரண்டாவதை எடுங்கள்.

வாங்கிய முதல் மாதத்திலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். டியூபுலர் பேட்டரி சிலமுறை இறங்கி ஏறிய பிறகுதான் முழுத் திறனுக்கு வரும். அதன்பின் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் சார்ஜ் ஏற்றி, மெயினை அணைத்து, வாட் தெரிந்த சாதனங்களாக 200 வாட் அளவுக்கு ஓடவிட்டு, இன்வெர்ட்டர் தானாக நிற்கும்வரை நேரம் பாருங்கள். நின்றதும் உடனே மறுபடி சார்ஜில் போட்டுவிட வேண்டும். அந்த நேரத்தை பில்லின் பின்புறம் எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்து, முதல் நேரத்தில் பாதிக்குக் கீழே வந்துவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. வாரண்டிக்குள்ளேயே அப்படி ஆனால் உங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

ஆனால் நேரம் குறைந்ததும் பேட்டரிமேல் பழி போடுவதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது வயர். 700 வாட்டை 12 வோல்ட்டில் எடுக்கும்போது 60, 70 ஆம்பியர் ஓடும். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போகவர மூன்று மீட்டர் இருந்தால் கால் வோல்ட் விழும். அதே நீளம் 6 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் 0.65 வோல்ட் விழும். பேட்டரியில் இன்னும் சார்ஜ் இருக்கும்போதே இன்வெர்ட்டர் தீர்ந்துவிட்டது என்று நின்றுவிடும். அழகுக்காக இன்வெர்ட்டரை ஹாலிலும் பேட்டரியைப் பால்கனியிலும் வைத்து நீள வயர் இழுத்த வீடுகளில் இதுதான் குறை. இரண்டாவது டெர்மினல். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சுவிட்சை அணைத்து, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, காயவைத்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: இன்வெர்ட்டரின் யு.பி.எஸ். பொத்தான். அந்த நிலையில் லைன் மின்னழுத்தம் ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். சாதாரண நிலையில் 100 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளும். மாலையில் 170 வோல்ட் வரும் கிராமத்து வீட்டில் யு.பி.எஸ். நிலையில் வைத்தால், மின்சாரம் இருக்கும்போதே பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும். கணினி இல்லாத வீட்டில் அந்தப் பொத்தானைச் சாதாரண நிலையில் வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் உறுதியாகச் சொல்ல வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. குடிக்க நல்லது, பேட்டரிக்கு ஆகாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் குழாய்த் தூசு, உலோகக் கழிவோடு வருவது, வேண்டாம். அமிலம் ஊற்றவே கூடாது. ஆவியானது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மிதவையைப் பாருங்கள், சார்ஜ் முழுதாக ஏறிய பின் குறிவரை ஊற்றுங்கள். மாதா மாதம் தண்ணீர் குடிக்கிறது என்றால் சார்ஜர் அதிகமாக ஏற்றுகிறது. நிலையான சார்ஜில் 13.5 முதல் 13.8 வோல்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ஒரே ஒரு செல் மட்டும் அதிகம் குடித்தால் அந்தச் செல்லில் கோளாறு. முழு சார்ஜுக்குப் பின் சில மணி நேரம் விட்டு ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லின் கிராவிட்டியையும் (அமிலத்தின் அடர்த்தி) எடுங்கள். ஐந்து செல் 1.230, 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.150 காட்டினால் அந்த பேட்டரிக்குத் தண்ணீரும் சார்ஜும் இனி உதவாது. இரண்டு பேட்டரி வரிசையில் போட்டிருப்பவர்கள் ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றுவது வீண்சிக்கனம். சார்ஜர் இரண்டின் கூட்டு மின்னழுத்தத்தைத்தான் பார்க்கிறது. பழையதில் ஒரு செல் ஷார்ட் ஆனால் அங்கே குறையும் இரண்டு வோல்ட் புதியதன் தலையில் ஏறி அது கொதித்துப் போகும்.

பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பூஜையறை விளக்குக்கு அருகில், மூடிய அலமாரியில் வைக்காதீர்கள். அமிலம் கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் எடுக்கிறது. பேட்டரி நிறைந்த பிறகும் 20 வாட் எடுக்கும் ஒன்று, இரண்டு மாதத்தில் 29 யூனிட் தின்றுவிடும். நம் மின்வாரியத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறுவதால், எல்லையில் நிற்கும் வீடுகளுக்கு இந்த 29 யூனிட் பெரிது. வாங்கும்போது இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேளுங்கள்.

கடைக்கும் அலுவலகத்துக்கும் வேறு கணக்கு. அங்கே பேட்டரியின் விலையைவிட நின்றுபோகும் வேலையின் விலை பெரிது. பில் போடும் கணினிக்கு 600 வி.ஏ. யு.பி.எஸ். போதும், ஆனால் அதற்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி, 84 வாட் மணி மட்டுமே. பத்து நிமிடத்தில் வேலையைச் சேமித்து அணைக்கத்தான் அது. நம் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் அந்தச் சிறு பேட்டரி உப்பிவிடும். போன பிறகு மாற்றுவதைவிட இரண்டரை வருடத்தில் மாற்றிவிடுவது மலிவு. லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் சேர்க்காதீர்கள், தாளைச் சூடாக்கும் உருளை ஒரே இழுப்பில் 800 வாட்டுக்கு மேல் எடுத்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். இணைய ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட் நேர்மின்சாரம் தரும் சிறு யு.பி.எஸ். ஒன்று தனியாக வைத்தால், பெரிய இன்வெர்ட்டர் படுத்தாலும் இணையம் நிற்காது. ரத்தப் பரிசோதனைக் கூடத்துக் கருவி, சர்வர் போன்றவற்றுக்கு இடைவெளியே இல்லாத ஆன்லைன் யு.பி.எஸ். அவசியம், மற்ற இடங்களில் அதை வாங்கிப் போட்டால் வெப்பமும் மின்கட்டணமும்தான் மிச்சம். ஐந்து கணினிக்கு ஒரே பெரிய யு.பி.எஸ். என்பது விலையில் மலிவாகத் தெரியும். அது பழுதானால் ஐந்தும் நிற்கும். பணம் வாங்கும் இடத்துக்காவது தனி யு.பி.எஸ். வையுங்கள்.

வீட்டில் ஆக்ஸிஜன் செறிவூட்டி வைத்திருப்பவர்கள் இந்த மலிவுக் கணக்கு எதையும் பார்க்கக் கூடாது. ஐந்து லிட்டர் கருவி 300 முதல் 400 வாட் எடுக்கும். அதற்குச் சைன் வேவ் (மின்வாரிய மின்சாரம் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர், அதற்கென்றே தனி பேட்டரி, அதற்கும் மேல் ஒரு சிலிண்டர் கையிருப்பு மூன்றும் வேண்டும். இன்சுலினுக்காகக் குளிர்பெட்டியை இன்வெர்ட்டரில் சேர்ப்பது அநேகமாகத் தேவையில்லை. கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். கம்ப்ரஸர் கிளம்பும்போது எடுக்கும் மின்னோட்டம் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு. சிறிய இன்வெர்ட்டர் அதிலேயே நின்றுபோகும்.

டெல்டா, கடலோர மாவட்டத்து வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. எந்த பேட்டரியும் அதைத் தாங்காது. தாங்க வேண்டியதும் இல்லை. முதல் நாளிலேயே அடிவரை ஓட்டிவிட்டுக் காலியாக விட்டால் அந்த வாரங்களில் பேட்டரி சல்பேட் படிந்து செத்துவிடும். பாதி இருக்கும்போதே இன்வெர்ட்டரை அணைத்து, கைபேசிக்கும் ஒரு விளக்குக்கும் மட்டும் அவ்வப்போது திறந்து மூடுங்கள். வாரம் தாண்டினால் எங்காவது ஜெனரேட்டரில் ஒருமுறை ஏற்றிக்கொள்ளுங்கள்.

பழைய பேட்டரியை எடைக்குப் போடும்போது நூறு இருநூறு ரூபாய் கூடுதலாகத் தருகிறார் என்று தெருவில் வருபவரிடம் கொடுக்காதீர்கள். அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குபவர்களிடம் அது போய்ச் சேரும். அந்தப் புகையும் மண்ணும் முதலில் பாதிப்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளையை. 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து, பழசுக்குக் கழித்த தொகையைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

விற்பனையாளர்களிடமும் தரக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடமும் கேட்பது ஒன்றுதான். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக இருக்கிறது. வாங்குகிறவர் ஒரு பார்வையில் ஒப்பிட முடிகிறது. இன்வெர்ட்டர், பேட்டரி விற்கும் பில்லிலும் ஆறு விவரங்கள் கட்டாயமாக வரட்டும்: பேட்டரியின் எடை, தயாரித்த மாதம், ஏ.எச். எந்த மணி அளவில் சொல்லப்படுகிறது, 200 வாட் லோடில் எத்தனை நிமிடம் ஓடும், இன்வெர்ட்டர் தரும் உண்மையான வாட், சும்மா நிற்கும்போது எடுக்கும் வாட். அதுவரை, வாங்கப் போகிறவர்கள் இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரர் கையால் நிரப்பி, முத்திரையோடு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இன்வெர்ட்டர், பேட்டரி பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
திருச்சிராப்பள்ளி.